தென்னாப்பிரிக்காவில் மீன்பிடி உரிமை யாருக்கு? சிறு மீனவர் சட்டம் ஒரு விளக்கம்

டர்பனில் மீன்பிடி என்றாலே பெரியவர்கள் சாலிஸ்பரி தீவைத்தான் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, காலம் முடிந்ததும் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சில, துறைமுகத்துக்குள் இருந்த அந்தத் தீவில் குடியேறிக் கரைவலை இழுத்துப் பிழைத்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படைக்கு இடம் வேண்டுமென்று அவர்களைக் கிளப்பினார்கள். பிளஃப் பக்கம் ஃபின்லேண்ட்ஸில் போய்த் தங்கியவர்களை, பின்னால் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. இந்தப் பழங்கதைக்கு இன்றைய மீன்பிடிச் சட்டத்தில் நேரடியாக ஓர் இடம் இருக்கிறது. அது எப்படி வந்தது, யாருக்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

அடிப்படைச் சட்டம் 1998-இல் வந்த கடல்வாழ் வளச் சட்டம். கடலில் எந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்று உயிரியல் அறிஞர்கள் கணித்துச் சொல்வார்கள். அதைப் பார்த்து, மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை படகு போகலாம் என்று அமைச்சர் நிர்ணயிப்பார். 2000 டிசம்பரில் தூண்டில் மீன்கள் பல இனங்களில் மோசமாகக் குறைந்துபோனதாக அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதையடுத்துத் தூண்டில் மீன் பிடிக்கும் படகுகளை நாடு முழுவதற்கும் சுமார் 450 என்று சுருக்கினார்கள். மீன் குறைந்தது உண்மை, கணக்கும் சரி. ஆனால் யார் படகை நிறுத்துவது, யார் தொடர்வது என்ற கேள்விக்கு மீனின் முட்டையை எண்ணிப் பதில் கிடைக்காது. அதற்கு மனிதர்களைப் பற்றிய ஆய்வு வேண்டும்.

1998 சட்டம் மீன்பிடிப்போரை மூன்று வகையாகப் பிரித்தது: வணிகத்துக்குப் பிடிப்பவர், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர், வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடிப்பவர். பொழுதுபோக்கு அனுமதியில் பிடித்த மீனை விற்கக் கூடாது. அப்படியென்றால் காலையில் நாலு மீன் பிடித்து, இரண்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு இரண்டைத் தெருவில் விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஆள் எதில் சேருவார்? எதிலும் சேரமாட்டார். டர்பன் கரையில் தூண்டில் போட்டு வாழ்ந்தவர்களில் பலர் இந்த இடுக்கில்தான் மாட்டினார்கள்.

1998 டிசம்பரிலேயே, பிழைப்புக்கு மீன் பிடிப்பவர்கள் யார் என்று கண்டறிய அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதில் கடல் உயிரியலாளர்களோடு சமூக அறிவியலாளர்களும் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் விசாரித்ததில் 147 மீனவச் சமூகங்களும், சுமார் 28,000 குடும்பங்களும் கணக்கில் வந்தன. சட்டத்தின் பார்வைக்கு அதுவரை தென்படாத ஜனங்கள் இவர்கள். ஆனாலும் பெரிய அளவில் உரிமை கைக்கு வரவில்லை. 2004-இல் மேற்கு கேப் மாகாண மீனவர்கள், பாகுபாடு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007-இல் அந்த நீதிமன்றம், இவர்களுக்கு இடைக்கால நிவாரணம் கொடு, புதிய கொள்கை ஒன்றை வகு என்று அரசுக்கு உத்தரவிட்டது. அதன் விளைவுதான் 2012-இன் சிறு மீனவர் கொள்கை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2016-இல் விதிமுறைகள் வந்தன. 1998 சட்டத்திலிருந்து பதினெட்டு ஆண்டுகள்!

முக்கியமான சங்கதி, திருத்தப்பட்ட சட்டம் 'சிறு மீனவச் சமூகம்' என்பதை வரையறுக்கும் விதம். அந்த மக்கள் இன்று சிறு மீனவராக இருக்கலாம், அல்லது முன்பு இருந்தவராக இருக்கலாம். மீன்பிடியில் பொதுவான நலனும் கூட்டு வரலாறும் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நீர்ப்பரப்போடு பிணைப்பு இருக்க வேண்டும். கட்டாய வெளியேற்றத்தால் அந்தப் பிணைப்பு அறுந்திருந்தால் அதையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. கடைசியாக, அவர்களே தங்களை மீனவச் சமூகமாகக் கருத வேண்டும். மீன்வளச் சட்டத்தில் இப்படி ஒரு வரையறை அபூர்வம். படகின் நீளத்தையோ பிடித்த டன்னையோ அது அளக்கவில்லை. மனிதர்களின் வரலாற்றைக் கேட்கிறது. சாலிஸ்பரி தீவுக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த வரையறையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். வீடு சாட்ஸ்வொர்த்தில் இருப்பது மட்டுமே அவர்களை ஒதுக்கக் காரணமாகாது என்று வாதிட அதில் இடமிருக்கிறது.

வரலாறு நீதிமன்றத்தில் எடுபடும் என்பதற்கு 2018 தீர்ப்பு சாட்சி. கிழக்கு கேப்பில் ட்வேசா-க்வேபே காப்புப் பகுதிக்குள் மீன் பிடிக்க முயன்றதாக மூன்று பேருக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடிக்கும் வழக்க உரிமை அந்த மக்களுக்கு உண்டு, 1998 சட்டம் அதை அழித்துவிடவில்லை என்று சொல்லி, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

சிறு மீனவராக ஏற்கப்படத் தனிநபருக்கு வேண்டிய தகுதிகள்: தென்னாப்பிரிக்கக் குடியுரிமை, 18 வயது, பரம்பரை மீன்பிடித் தொழிலில் குறைந்தது 10 ஆண்டு ஈடுபாடு, வாழ்வாதாரத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வருவது. 'ஈடுபாடு' என்றால் கடலுக்குப் போவது மட்டும் இல்லை. மீனைக் கழுவி வெட்டுவதும், விற்பதும் சேர்த்திதான். கூடை சுமந்து மீன் விற்ற அம்மாக்கள், ஆயாக்கள் தங்கள் பெயரையே விண்ணப்பத்தில் போடலாம், கணவர் பெயரில் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. பழைய அனுமதிச் சீட்டு, படகுக் காகிதம், அக்கம்பக்கத்தாரின் சத்தியப் பிரமாணம், தேதி போட்ட போட்டோ என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

உரிமை தனியாளுக்குக் கிடையாது, சமூகம் அமைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான். பல மீன் இனங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுக்கிறார்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சங்கங்களுக்கு 15 ஆண்டு உரிமைகள் வழங்கப்பட்டிருக்கின்றன. மேற்கு கேப்பிலோ, தகுதி சரிபார்த்த விதமே பிழை என்று 2022-இல் நீதிமன்றம் முழு நடைமுறையையும் ரத்து செய்து, மறுபடி செய்ய வைத்தது. எனக்கு இதில் ஒரு குறை படுகிறது. சமூகத்தை இவ்வளவு நுணுக்கமாக வரையறுத்துவிட்டு, அமலாக்கும்போது படிவம், பட்டியல், கையெழுத்து என்று சுருக்கிவிட்டார்கள். ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத ஆட்களை ஒரே சங்கத்தில் கட்டிப்போட்டால் அது நிற்குமா?

பெரிய வணிக உரிமைகளிலும் சமூகக் கணக்கு உண்டு. கறுப்பினத்தவரின் பங்குரிமை, வேலைவாய்ப்பு, முதலீடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இனச் சமநிலைக் கணக்கில் இந்திய வம்சாவளியினரும் கறுப்பினத்தவரில் அடக்கம். ஆனால் இந்த மதிப்பெண் பங்குப் பத்திரத்தில் இருக்கும் பெயரைப் பார்க்கிறது, படகின் மேல்தளத்தில் வலை இழுப்பவரின் கூலியை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, தானே கடலுக்குப் போகாமல் அடுத்தவருக்கு விடும் 'காகித ஒதுக்கீடு' வளர்ந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

இரண்டு நடைமுறை விவரங்கள். உரிமையும் அனுமதியும் வேறு. உரிமை 15 ஆண்டு வரை இருக்கலாம், அனுமதிச் சீட்டு ஓராண்டுக்கு மேல் செல்லாது. அது கையில் இல்லாமல் வலையை இறக்கினால் குற்றம். விண்ணப்பம் தள்ளுபடியானால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். கடல்வாழ் வளச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி அமைச்சரிடம் மேல்முறையீடும் செய்யலாம். அதற்கான கெடு தேதியை முடிவுக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.