வாலால் வேட்டையாடும் சுறா

‘சுறா வாலால் அடித்து மீன் பிடிப்பது போல ஒரு காணொளி பார்த்தேன், அது நிஜமா, கணினி வேலையா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிஜம்தான். அது திரெஷர் சுறா. மூன்று இனங்கள் உண்டு. மூன்றிலுமே வாலின் மேல்மடல், மீதி உடம்பு முழுவதற்கும் ஏறக்குறைய சமமான நீளம்.

இவ்வளவு பெரிய வால் சும்மா இருக்காது என்ற ஊகம் பழையது. ஆனால் கடலில் இயல்பாக நடக்கும் வேட்டையைப் படமெடுத்து அளந்தது 2010இல்தான், பிலிப்பைன்ஸில் பெஸ்கடோர் தீவை ஒட்டி. மத்தி மீன் கூட்டத்தை நோக்கிச் சுறா நேராகப் பாய்கிறது. நெருங்கியதும் இரு மார்புத் துடுப்புகளையும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூக்கு கீழே சாய, பின்னுடம்பு மேலே எழுகிறது. பாய்ந்து வந்த வேகம் வாலுக்குப் போகிறது. அது முதுகுக்கு மேலே வளைந்து, தலையையும் தாண்டி, சாட்டை மாதிரி முன்னால் விழுகிறது! வால்நுனியின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 14 மீட்டர். காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான நீரில் இது நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சில அடிகளில், நீரில் கரைந்திருந்த வாயுவே குமிழிகளாக வெளிவந்திருக்கிறது.

மூன்றில் ஒரு அடிதான் பலிக்கும். ஆனால் பலித்தால் ஒரே அடியில் பல மீன்கள் மயங்கிவிடும். அப்புறம் என்ன, திரும்பி வந்து நிதானமாகப் பொறுக்கித் தின்ன வேண்டியதுதான். கூட்டமாகச் சுழலும் மீன்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட இது லாபம்.

மீன் வாலாட்டுவதைப் படமெடுக்கவா ஆய்வுப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் இருக்கிறது. தூண்டிலில் இருக்கும் இரையையும் இந்தச் சுறா வாலால்தான் அடிக்கிறது. கொக்கி வாலில் மாட்டிக்கொள்கிறது. முன்னோக்கி நீந்தினால்தான் செவுள்களில் நீர் ஓடும், மூச்சு கிடைக்கும். வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் திணறிவிடும்.

இழப்பை ஈடுகட்டும் வேகமும் இவற்றுக்குக் கிடையாது. மூன்றில் ஒன்றான பெருங்கண் திரெஷர் இனத்தில் பெண் சுறா பருவமடையவே 12 ஆண்டுகள் ஆகும். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிகள். 1980களில் கலிபோர்னியாவின் மிதவலைகளில் ‘சாதாரண திரெஷர்’ என்ற இன்னொரு இனம் ஏராளமாகப் பிடிபட்டு எண்ணிக்கையில் சரிந்தது. கட்டுப்பாடுகள் வந்த பிறகு மெல்ல மீண்டது.

இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் 2010இலேயே மூன்று இனங்களையும் கப்பலில் வைத்துக்கொள்ளத் தடை விதித்தது; 2016இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இவற்றின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. சரி, ஆனால் வால் மாட்டிச் செத்துப்போன சுறாவை விடுவித்து என்ன பயன்? அதனால்தான் கலிபோர்னிய ஆய்வாளர்கள், படகின் பின்னால் இழுத்துப்போகும் போலி இரையை விட்டுவிட்டு, வாயில் மாட்டும் வட்டக் கொக்கிக்கு மாறச் சொல்கிறார்கள்.