டெஸ்ட் எழுதியாச்சு, அது ஓடுகிறதா?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து நெட்வொர்க் கருவி செய்யும் ஒரு குழுவில் சில வருடம் இருந்தேன். ஒரு பழுதைச் சரிசெய்து, அது திரும்பி வராமலிருக்க டெஸ்ட்டும் எழுதிச் சேர்த்தேன். எட்டு மாதம் எல்லாம் பச்சை. அதே பழுது வாடிக்கையாளரிடம் தலைகாட்டிய பிறகுதான் தெரிந்தது, என் டெஸ்ட் ஒரு நாள்கூட ஓடவில்லை என்று. கோப்பு, நிரலெல்லாம் இருக்கும் சோர்ஸ் ட்ரீயில் பத்திரமாக இருந்தது. மேல் டைரக்டரியில், எதையெல்லாம் பில்ட் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் 'டெஸ்ட்ஸ்' டைரக்டரியைச் சேர்க்கும் ஒரே ஒரு வரியைத்தான் விட்டிருந்தேன். ரிவ்யூ செய்தவரைக் குறை சொல்ல முடியாது. ரிவ்யூவுக்கு அனுப்பிய பேட்சில் இல்லாத வரி யார் கண்ணில் படும்?

ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு கட்டளைக்கான டெஸ்ட் அதன் நிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளையின் டெஸ்ட் 'பின்/சிபி/டெஸ்ட்ஸ்' என்ற டைரக்டரியில். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு மட்டும் தனி இடம், 'டெஸ்ட்ஸ்/சிஸ்'. பில்ட் செய்து நிறுவியதும் எல்லாம் 'யூஎஸ்ஆர்/டெஸ்ட்ஸ்' என்ற ஒரே டைரக்டரி மரத்தில் போய் உட்காரும். அங்கிருந்து க்யூவா என்ற கருவி அவற்றை ஓட்டும். புது டைரக்டரி என்றால் டைரக்டரிகளைப் பட்டியலிடும் எம்ட்ரீ கோப்பிலும் பதிய வேண்டும். இதை மறந்தால் நிறுவும்போதே கத்தி நின்றுவிடும், நல்லதுதான். மேக்ஃபைல் வரியை மறந்தால்தான் சத்தமே வராது. ஏடிஎஃப் என்ற டெஸ்ட் நூலகத்தை வைத்து ஷெல்லில் எழுதும் டெஸ்ட்டிலும் இதே கதை: கோப்பின் கடைசியில் உள்ள பட்டியலில் பெயரைச் சேர்க்காவிட்டால் அந்த டெஸ்ட் இல்லாதது மாதிரிதான்.

மற்றவர்கள் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம், 'ரெக்ரெஸ்' என்ற தனி டைரக்டரிக்குள் முழு சோர்ஸ் ட்ரீயின் சாயலையே கட்டியிருக்கிறது. லினக்ஸில் வெளியிலிருந்து கர்னலைத் தட்டிப் பார்க்கும் செல்ஃப்டெஸ்ட்கள் 'டூல்ஸ்/டெஸ்டிங்' பக்கம். உள்ளிருந்தே சோதிக்கும் கேயூனிட் என்ற டெஸ்ட் கட்டமைப்பு லினக்ஸ் 5.5 பதிப்பில் வந்தது, அதில் எழுதும் டெஸ்ட் நிரலை ஒட்டியே இருக்கும். எனக்குப் பக்கத்தில் வைப்பதுதான் பிடிக்கும். நிரலைத் திருத்துகிறவன் கண்ணில் டெஸ்ட்டும் படும் இல்லையா.

அப்புறம், டெஸ்ட் படிக்கும் தரவுக் கோப்பு. க்யூவா ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு தற்காலிக டைரக்டரியில் வைத்து ஓட்டுகிறது. அதனால் 'பக்கத்தில்தானே இருக்கிறது' என்று வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் கோப்பு கிடைக்காது. டெஸ்ட் நிறுவப்பட்ட இடத்தை ஏடிஎஃப்பிடம் கேட்டு வாங்க வேண்டும். தரவுக் கோப்பையும் நிறுவச் சொல்லி மேக்ஃபைலில் எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் 'க்யூவா லிஸ்ட்' கட்டளை கொடுத்து, என் டெஸ்ட்டின் பெயர் வருகிறதா என்று தேடிப் பார்க்கிறேன். வந்தால், நிரலை வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்து, சிவப்பு விழுகிறதா என்றும் பார்த்துவிடுகிறேன்.