ஐந்து மணி நேரத் தூக்கம் யாருக்கும் பழகுவதில்லை

போன வாரம் ஒருவர் வந்தார், வயது 35-க்குள்தான். கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், விட்டமின் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. ஆனாலும் எந்நேரமும் அசதி, எரிச்சல், மறதி. வேலை முடிந்து வரும்போது சிக்னலில் நின்றிருந்த வண்டியின் பின்னால் போய் மோதியிருக்கிறார். மோதுவதற்கு முந்தைய சில நொடிகள் அவருக்கு நினைவிலேயே இல்லை. எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேட்டேன். "ஒரு மணி ஆகும், ஆறுக்கு எழுந்துவிடுவேன். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது டாக்டர்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை இந்த மாதம் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பழகுவதில்லை. தூங்காமல் இருக்கிறோம் என்ற உணர்வு மழுங்கிப்போகிறது, அவ்வளவுதான். 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான ஆட்களை 4, 6, 8 மணி நேரம் எனப் பிரித்து 14 நாள் தூங்கவைத்து, தினமும் கவனத்தைச் சோதித்தார்கள். 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவை எட்டின. தூக்கக் கலக்கமாக இருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டபோது மட்டும், முதல் சில நாட்களுக்குப் பிறகு பதில் பெரிதாக மாறவில்லை. தூக்கம் கெட்ட மூளையிடமே போய் நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

பிறவியிலேயே குறைவான தூக்கம் போதுமென்று இருப்பவர்கள் உண்டு, ஆனால் மிக மிக அரிது. அவர்களைக் கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: விடுமுறை நாளில் அலாரம் வைக்காமல் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? உண்மையில் ஐந்து மணி நேரம் போதுமானவர் அன்றைக்கும் ஐந்து மணி நேரத்தில் எழுந்துவிடுவார். நீங்கள் பதினொன்று வரை தூங்குகிறீர்கள் என்றால் அந்த வகை இல்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும்.

"அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டிவிடுகிறேனே" என்பது அடுத்தது. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், தவறில்லை. ஆனால் வாரம் முழுக்க விட்டதை ஒரே நாளில் அள்ள முடியாது. மதியம் வரை படுத்தால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை காலையில் உங்கள் உடம்பு வேறொரு நாட்டு நேரத்தில் இருக்கும். நம்மில் பாதிப் பேர் திங்கட்கிழமையைத் திட்டுவது இதனால்தானோ என்று எனக்கு ரொம்ப நாளாகவே தோன்றுகிறது.

சாலைச் சத்தமும் பழகிவிட்டது என்கிறார்கள். விழிப்பது குறையலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே ஹாரன் அடிக்கும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் இதயம் வேகமெடுக்கத்தான் செய்கிறது, வருடக்கணக்கில் அதே இடத்தில் இருந்தாலும். இரவில் வெளிப்புறச் சத்தம் 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009-ல் சொன்னது. நெரிசலான சாலையோர வீட்டுக்கு அது கனவு. கட்டிலைச் சாலைப் பக்கச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், முடிந்தால் படுக்கும் அறையையே பின்பக்கம் மாற்றுங்கள். தடித்த திரைச்சீலை தெருவிளக்கையும் மறைக்கும். காதடைப்பான் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

காபியைப் பற்றிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும், அதில் தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள். பகலில் கண் சொருகினால் 20 நிமிடம் தூங்கலாம், அதுவும் மாலைக்கு முன்பே.

இனி போன். அதன் வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னிடம் வருபவர்கள் சொல்வது வேறு: "நாள் முழுக்க வேலை, பயணம், வீடு. பதினொரு மணிக்கு மேல்தான் எனக்கென்று கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அதையும் விடச் சொல்கிறீர்களா?" இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தமாக இருக்கிறது. அந்த நேரம் உங்களுக்கு வேண்டியதுதான். ஆனால் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், தயவுசெய்து. வீடு வந்ததும் அரை மணி நேரம் என்னை விட்டுவிடுங்கள் என்று வீட்டில் கேளுங்கள். இரவு ஒன்பது மணி அலுவலக மெசேஜுக்குக் காலையில் பதில் போடுங்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது.

தூக்கம் வரவில்லை என்று நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கமில்லாமல் மூன்று மாதம் போனால் மருத்துவரிடம் வாருங்கள்; அதற்கு முதல் சிகிச்சையே மாத்திரை இல்லாமல், தூக்கம் சார்ந்த பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பயிற்சிதான். குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதாக வீட்டில் யாராவது சொன்னால், நேரம் போதாமையைக் காரணம் காட்டாமல் உடனே வரவேண்டும். எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீராதவர்களில் இவர்கள் நிறையப் பேர்.

வண்டி ஓட்டும்போது கண் சொருகினால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது எதுவும் உதவாது.

மோதிய அந்த நண்பருக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசி காபி, இவற்றை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன், அதுவரை இரவில் வண்டி எடுக்க வேண்டாம் என்றும். நீங்களும் வருவதற்கு முன் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள், ரிப்போர்ட் கட்டைவிட எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.