சப்பாத்தி என்று எழுதிய பரோட்டா

ஒரு வாரம் சாப்பிட்டதை நோட்டில் எழுதி வரச் சொன்னால் பாதிப் பேர் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களிலும் சிலர், சாப்பிட்டதை எழுதாமல் நான் படித்துப் பாராட்டும்படி எழுதி வருகிறார்கள். பதினைந்து வருடமாக கோவையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். பொய் எந்த இடத்தில் ஒளிந்திருக்கும் என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டில்தான்.

இவருக்கு 67 வயது. மில்லில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாத்திரையை ஒரு வேளை விடாமல் போட்டும் பிரஷர் இறங்கவில்லை, சாப்பாட்டை ஒரு முறை பாருங்கள் என்று அவருடைய டாக்டர் அனுப்பி வைத்தார். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி வாரியாக எழுதியிருந்தார். ஏழு நாளும் இரவில் ஒரே வரி: சப்பாத்தி 2, குருமா.

"குருமா யார் சார் செய்யறாங்க?"

மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்பது ஃபைலிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டல்ல வாங்கறதில்லைங்க மேடம். வீட்டுலதானுங்க."

இந்த 'வீட்டுலதான்' எனக்குப் பழக்கமான சொல். மெதுவாகக் கேட்டதும் வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் ஃபோனிலேயே ஆர்டர் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஃப்ரீசரை நிரப்பிவிடுகிறார். ஐந்தைந்தாக அடுக்கிய பரோட்டா, டப்பாவில் பட்டாணி பனீர் கிரேவி. "பாக்கெட் சாப்பாடுன்னு எழுதினா நீங்க என்ன நினைப்பீங்கன்னுதான்..." என்று இழுத்தார். பரோட்டா சப்பாத்தியாகவும் கிரேவி குருமாவாகவும் மாறிய கதை இதுதான்.

எனக்கு வருத்தம் அந்தப் பரோட்டாவின் மேல் இல்லை. அவர் மறைத்திருந்தால் அந்தக் கிரேவியின் உப்பு என் கணக்குக்கே வந்திருக்காது. நான் ரசத்தில் உப்பைக் குறையுங்கள், அப்பளத்தை நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருப்பார்.

இந்தக் கூச்சம் நம் வீடுகளில் எங்கிருந்து வருகிறது என்று அடிக்கடி யோசிப்பேன். கடை மாவு வாங்கினால் சோம்பேறி என்று சொன்ன காலத்தை நானே பார்த்திருக்கிறேன். இன்று அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊறுகாயும் வத்தலும் வடகமும் ஆறு மாதத்துக்கு முன்பே செய்து வைத்த சாப்பாடுதான், உப்பும் அதில் தாராளம். ஆனால் அது பாட்டியின் கைமணம், ஃப்ரீசரில் இருப்பது மட்டும் 'ஐஸ்ல வெச்ச பழசு'. அரசுக்கும் பரோட்டாவோடு ஒரு தகராறு இருந்தது. 2020-ல் கர்நாடகத்தில், பாக்கெட் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வரியை முழுதாக எடுக்க 2025 ஆகிவிட்டது.

"கெமிக்கல் போட்டிருப்பாங்க இல்லீங்களா?" என்று எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். உறைந்த உணவைக் கெடாமல் வைத்திருக்கும் முக்கியமான வேலையைக் குளிர்தான் செய்கிறது. மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது. சாகாது, தூங்கும், அவ்வளவுதான். வேறு ஏதாவது சேர்த்திருந்தால் பொருள் பட்டியலில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது உப்புக்கு. அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

அடுத்த முறை வரும்போது கவர்களைக் கொண்டு வாருங்கள் என்றேன். வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அட்டைகளை எடுத்து வைத்தார். கழுவித் துடைத்து, சத்து விவரம் இருக்கும் பக்கத்தை மட்டும் கத்தரியால் வெட்டியிருந்தார். கணக்குக்காரர் அல்லவா.

"நானும் படிச்சேனுங்க. சோடியம் 24 சதவீதம்னுதான் போட்டிருக்கு. நாலுல ஒரு பங்குதானே?"

அவர் படித்தது சரி, படித்த இடம்தான் வேறு. உப்பில் இருக்கும் சோடியத்தின் ஒரு நாள் அளவில் அந்த 24 சதவீதம் 'ஒரு பரிமாறலுக்கு'. ஒரு பரிமாறல் என்றால் 100 கிராம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. டப்பாவில் இருந்தது 300 கிராம். தனியாக இருக்கும் மனிதர் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மீதியை என்ன செய்வார்? முழுவதையும்தான் சாப்பிட்டிருக்கிறார். 100 கிராமுக்கு 480 மில்லிகிராம் சோடியம் என்றால் டப்பாவுக்கு 1,440. பரோட்டாவில் 100 கிராமுக்கு 420. இரண்டு பரோட்டாவும் சேர்ந்து 130 கிராம் எடை, ஆக 546. கூட்டினால் 1,986 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. அந்த நாளின் ஒதுக்கீடு முழுவதும் ஒரே இரவுச் சாப்பாட்டில் முடிந்துவிட்டது. காலைச் சட்னி, மதிய ரசம், மோர் எல்லாம் அதற்கு மேல்.

அவரே பேனாவை வாங்கி இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் பிஸ்கட்டும் டீயும்தான் இரவுச் சாப்பாடாகும், அதையும் நிறையப் பார்த்துவிட்டேன். கிரேவியை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். இளகியதும் பாதியை எடுத்து, உப்புப் போடாமல் வேகவைத்த பீன்ஸோ சுரைக்காயோ ஒரு கிண்ணம் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பரோட்டா ஒன்று போதும், கூட உப்பில்லாத தயிர். மீதிப் பாதி கீழ்த்தட்டிலேயே இருந்து அடுத்த நாள் முடிய வேண்டும், மறுபடி ஃப்ரீசருக்குள் போகக் கூடாது. இவ்வளவுதான் நான் எழுதிக் கொடுத்தது.

குளிர் விஷயத்தில்தான் நம் வீடுகள் அசட்டையாக இருக்கின்றன. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்னப் பெட்டி ஐஸ் கட்டி செய்யும், ஆனால் எப்போதும் மைனஸ் 18-ஐத் தொடும் என்று நம்ப முடியாது. பாக்கெட்டில் போட்ட ஆறு மாதக் கெடு அந்த மைனஸ் 18-க்கான கெடு. மே மாதத்தில் பாக்கெட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி விழித்துக்கொள்ளும். கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கரண்ட் வந்த பிறகு தொட்டால் இன்னும் பனியோடு கெட்டியாக இருக்கிறதா, சரி, இருக்கட்டும். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டதா, மனசைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போடுங்கள்.

கடையில் வாங்கும்போது பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பது என் வழக்கம். சலசலவென்று தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு கடையில் காலையில் போனால் எப்போதும் இந்தக் கட்டிப் பட்டாணிதான். ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம், குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று. பொன்னிறமாக இருப்பதாலேயே சிக்கன் நக்கெட் வெந்தது என்று எண்ண வேண்டாம். மேல் மாவு மட்டும் பொரிந்து, உள்ளே கறி பச்சையாக இருக்கும் வகைகளும் உண்டு. 'சமைப்பதற்குத் தயார்' என்றும் 'சாப்பிடத் தயார்' என்றும் கவரில் போட்டிருப்பது ஒன்றல்ல.

என் ஃப்ரீசரிலும் சப்பாத்தி, பட்டாணி, துருவிய தேங்காய் எல்லாம் இருக்கின்றன. ஓ.பி. முடிந்து எட்டரைக்கு வீடு திரும்பும் நாளில் அந்தச் சப்பாத்திதான் எங்கள் சாப்பாடு. இதை அவரிடமும் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார்.

ஆறு வாரம் கழித்து வந்தார். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. இடையில் டாக்டர் மாத்திரையையும் மாற்றியிருந்ததால் முழுப் பெருமையும் எனக்குச் சேராது. நோட்டில் அதே ஸ்கேல் கோடு. இரவு: பாக்கெட் பரோட்டா 1, பாக்கெட் கிரேவி பாதி, பீன்ஸ் (நானே). பக்கத்தில் சோடியத்துக்கு என்று புதிதாக ஒரு கட்டம்.

"மகளுக்குத் தெரியுமா சார், இந்தக் கணக்கெல்லாம்?"

"அவளுக்கும் சொல்லிட்டேனுங்க. இப்ப ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பறா. நான் கூட்டிப் பார்த்து சரின்னாத்தான் வாங்கறா."