செல்லுக்குப் பூச்சாண்டி காட்டும் வித்தை

மிளகின் காரமும் புகையிலையின் நிகோட்டினும் இல்லாவிட்டாலும் அந்தச் செடிகள் வளரும். கடிக்க வரும் புழுவையும் தொற்ற வரும் பூஞ்சையையும் விரட்டத்தான் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொருட்களைச் செடிகள் செய்துகொள்கின்றன. இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருட்கள் என்று இவற்றுக்குப் பெயர். நம் மருந்துகள் பலவும் இங்கிருந்து வந்தவைதான். ஆனால் செடி தன் தேவைக்குச் செய்யும் அளவு நமக்குப் போதாது.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் இருக்கிறது பாக்லிடாக்சல். 1992இல் சினைப்பைப் புற்றுக்கு மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. ஒரு கிலோ மருந்துக்கு ஏறக்குறைய 10,000 கிலோ பட்டை வேண்டும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். வளர்வதோ மிக மெதுவாக.

மரத்தை வெட்டாமலே மருந்தெடுக்க ஒரு வழி, செல் வளர்ப்பு. யூ மரத் திசுவில் சிறு துண்டை எடுத்து, சர்க்கரையும் தாதுக்களும் ஹார்மோன்களும் கலந்த ஊட்டத்தில் வைத்தால், இலையும் வேரும் இல்லாத வெறும் செல் கட்டியாக அது வளரும். அதைத் திரவத்தில் உதிர்த்துவிட்டுப் பெருக்கலாம். ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்கு 75,000 லிட்டர் தொட்டியே உண்டு.

சரி, செல் பெருகிவிட்டது. மருந்து? அது சொற்பம்தான். வேளாவேளைக்குச் சர்க்கரை, கிட்டே வர ஒரு புழு கிடையாது. அப்படி வளரும் செல் எதற்காக ஆயுதம் செய்ய வேண்டும்? எனவே முதலில் வயிறாரப் போட்டு வளர்த்து, அப்புறம் தொட்டியில் மெத்தில் ஜாஸ்மோனேட்டைக் கலக்கிறார்கள். புழு கடித்த செடி தனக்குள் எழுப்பும் அபாயச் செய்தி இந்த வகைப் பொருள்தான். ஜாதிமல்லி எண்ணெயில் முதலில் கண்டெடுக்கப்பட்டதால் இந்தப் பெயர். தற்காப்பு மரபணுக்களை இயக்கும் புரதங்களைச் சில காவல் புரதங்கள் கட்டிப்போட்டிருக்கும். செய்தி வந்ததும் செல் அந்தக் காவலைச் சிதைத்துவிடும், மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். வராத புழுவுக்கு எதிராக மருந்து ஊறத் தொடங்கும்! யூ செல்களில் இதனால் உற்பத்தி பெருமளவு கூடுவதை 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான்.

நம் ஊர் நித்தியகல்யாணியிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. அதிலுள்ள வின்பிளாஸ்டினும் புற்றுநோய் மருந்துதான். ஆனால் அதன் தயாரிப்பு இலையின் வெவ்வேறு வகைச் செல்களில் கைமாறிக் கைமாறி நடக்கிறது. இலையே இல்லாத செல் கட்டியில் பாதி வேலைக்கு ஆளே இருக்காது. அதனால் வேறு ஆய்வாளர்கள் செடியின் மரபணுக்களை ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குள் புகுத்தினார்கள். சுமார் 30 படிகளைக் கடந்து மருந்தின் இரு பாதிகளையும் ஈஸ்ட் செய்துகொடுத்தது. அவற்றை வேதிமுறையில் இணைத்து 2022இல் வின்பிளாஸ்டினைப் பெற்றார்கள்.