வெயில் சுட்டால் போதாது

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி காத்திருக்கும்: "இங்கே அடிக்கிற வெயிலுக்கு நாமும் கண்ணாடி வச்சு கரண்ட் எடுக்கலாமே?" ராஜஸ்தான் பாலைவனத்தில், வெயிலைக் கண்ணாடியால் குவித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன் நான். அதனால் இதை விளக்க வேண்டியது என் கடமை என்றே நினைக்கிறேன்.

மாடியில் இருக்கும் சோலார் பேனல் மேகத்தில் சிதறி வரும் வெளிச்சத்திலும் ஓரளவு வேலை செய்யும். கண்ணாடிக்கு அது உதவாது. சூரியனிலிருந்து நேராக வரும் கதிரைத்தான் ஓரிடத்தில் குவிக்க முடியும். வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். விளிம்பு தெளிவாக இருந்தால் நேர்க்கதிர் நன்றாக இருக்கிறது. உடம்பு எரிந்தும் நிழல் மங்கிக் கிடந்தால், காற்றில் இருக்கும் தூசியோ ஈரமோ கதிரைச் சிதறடிக்கிறது. மே மாதத்தில் 45 டிகிரி வெப்பம், வானம் முழுக்க வெளுத்த தூசி, மின்சாரத்துக்காகச் சுழலும் டர்பைனோ பாதித் திறனில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

எங்களுடையது தொட்டி போல வளைந்த நீளமான கண்ணாடி வரிசைகள். நடுவே போகும் எஃகுக் குழாயில் ஓடும் எண்ணெய் 390 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி டர்பைனைச் சுழற்றும். இதே எண்ணெய் 12 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஜனவரி ராத்திரிகளில் வெயில் இல்லாத நேரத்திலும் பம்பை ஓட்டி எண்ணெயைச் சுற்றவிட வேண்டும், தேவைப்பட்டால் சூடேற்றவும் வேண்டும். அப்புறம் கண்ணாடி கழுவுவது தனி வேலை. புழுதிக்காற்று அடித்த மறுநாள் கழுவாவிட்டால் உற்பத்தி கண்ணெதிரே இறங்கும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

2010-இல் தேசிய சூரிய சக்தித் திட்டத்தின் முதல் ஏலத்தில் இந்த முறைக்கு 470 மெகாவாட் ஒதுக்கினார்கள். எழுந்து நின்றவை சிலவே. நேர்க்கதிர்க் கணக்கைச் செயற்கைக்கோள் தரவை நம்பிப் போட்டார்கள். தரையில் அளந்தபோது பல இடங்களில் அது குறைவாக இருந்தது. என்னைக் கேட்டால், ஓராண்டாவது அதே மண்ணில் கருவி வைத்து அளக்காமல் ஒரு கண்ணாடிகூட இறக்கக் கூடாது.

இவ்வளவு சிரமத்துக்கு இது ஏன் வேண்டும்? சூட்டைச் சேமிக்கலாம், அதனால்தான். ஸ்பெயினில் 2011-இல் தொடங்கிய ஹெமாசோலார் நிலையத்தில் 2,650 கண்ணாடிகள் ஒரு கோபுர உச்சியை நோக்கி நிற்கின்றன. அங்கே சூடாவது உருக்கிய உப்பு. 565 டிகிரியில் தொட்டியில் நிறைத்து வைத்தால், சூரியன் மறைந்த பிறகும் 15 மணி நேரம் டர்பைன் ஓடும். நம் நாட்டிலும் ராஜஸ்தானின் அபு ரோடு என்ற ஊரில் 770 கிண்ணக் கண்ணாடிகளைக் கொண்ட ஒரு மெகாவாட் நிலையம் இருக்கிறது. அங்கே சூட்டைப் பிடித்து வைப்பது வார்ப்பிரும்பு. ராத்திரியில் அந்த இரும்பின் சூட்டிலேயே நீராவி எடுக்கிறார்கள்.