கள்ள நோட்டு யார் தலையில் விடியும்?

பினாங்கு லெபோ பாசார் கடைகளில், சாயங்கால நெரிசலில் 50 வெள்ளி (ரிங்கிட்) நோட்டைத் தூக்கிப் பார்க்க யாருக்கு நேரம்? இரவில் கல்லா எண்ணும்போதுதான் ஒன்று வழவழவென்று தட்டுப்படும். "நாளைக்குச் சாமான் போடுகிறவரிடம் தள்ளிவிடலாம்" என்ற எண்ணமும் கூடவே வரும். கடைக்காரர் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 489ஏ பிரிவு கள்ள நோட்டு தயாரிப்பவருக்கு. 489பி அதை நல்ல நோட்டாகக் கைமாற்றுபவருக்கு. இரண்டுக்கும் 20 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. செலவழிக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தாலே 489சி, 10 ஆண்டு வரை.

தெரியாமல் வாங்கியவர் மேல் குற்றமில்லை. ஆனால் சட்டம் "தெரிந்து" என்பதோடு நிற்காமல், "போலி என்று நம்பக் காரணம் இருந்து" என்றும் சொல்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் "கள்ள நோட்டு மாட்டிக்கிச்சு" என்று போட்ட படம் ஒன்று போதும். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை, கல்லாவுக்கு மேலே நீங்களே மாட்டிய கேமராவும் காட்டிக்கொடுக்கும். "வெறும் கலர் ஜெராக்ஸ்தானே" என்ற வாதமும் எடுபடாது. போலி அச்சு அசலாக இருக்கவேண்டியதில்லை என்கிறது 28ஆம் பிரிவு.

10 வெள்ளி முதல் 100 வரை காகித நோட்டுகள். வெளிச்சத்தில் பிடித்தால் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் நீரோட்டப் படம் தெரியவேண்டும். அச்சு விரலில் மேடாகத் தட்டவேண்டும். சோதனைப் பேனாவை மட்டும் நம்பாதீர்கள். அதன் மை சாதாரணக் காகிதத்திலுள்ள மாவுச்சத்தில் பட்டால்தான் கறுக்கும். 1, 5 வெள்ளி பாலிமர் நோட்டில் அது ஒன்றுமே சொல்லாது. சட்டைப்பையோடு துவைபட்ட நல்ல நோட்டுகூட, சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டியால், புறஊதா விளக்கில் போலியைப்போலப் பளிச்சென்று ஒளிரும்.

வாங்கும்போதே சந்தேகமா? வேறு நோட்டு கேளுங்கள். கல்லாவுக்குள் வந்துவிட்டதா? மடிக்காமல், மேலே எழுதாமல், அதிகம் தொடாமல் உறையில் போடுங்கள். நேரத்தையும் ஆளின் அடையாளத்தையும் தனித்தாளில் குறியுங்கள். கேமராப் பதிவு அழிவதற்குள் நகலெடுத்துவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள். அந்த 50 வெள்ளி போனதுதான். கள்ள நோட்டுக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாரா மாற்றுப் பணம் தருவதில்லை.

அதைக் காசாளர் சம்பளத்தில் கழிக்கவும் பார்க்காதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவிர, பிடித்தத்துக்குப் பயந்த பையன் உங்களிடம் சொல்லமாட்டான். அடுத்த வாடிக்கையாளருக்குச் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவான்.